வேலைக்குப் போய்க்கொண்டு கதை எழுதுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

நாள்தோறும் எழுதுவது என்று தொடங்கி மூன்றாம் நாளே விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்தால் குசினி, பிள்ளைகளின் படிப்பு என்றுதான் உங்களுக்கும் பொழுது போகும் என்று நினைக்கிறேன். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் தோற்றேன். இப்போது சனிக்கிழமை மட்டும் எழுதுகிறேன்.

அது அப்பாவிடமிருந்து வந்தது. சனி முழுக்கு முடிந்து, தலை காயும்வரை விறாந்தையில் இருந்து அந்தக் கிழமைக் கணக்கை எழுதுவார். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதியே எழும்பி நடந்தபோது, காணி உறுதிகளோடு அந்தக் கொப்பிகளையும் பையில் வைத்துக்கொண்டுதான் நாவற்குழிப் பாலம் கடந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அவர் காலமான பிறகு அவற்றைப் பிரித்துப் பார்த்தேன். அரிசி, தேங்காய், சைக்கிள் ரியூப் என்று போகும் கணக்குக்கு நடுவே ஒரு சனியில் இப்படி இருந்தது: "மண்ணெண்ணெய் அரைப் போத்தல். விளக்கை நூர்த்ததுக்குச் சின்னவள் அழுதவள். படிச்சு முடியேல்லையாம். வாற கிழமை கூட வாங்கவேணும்."

அந்தச் சின்னவள் நான். மின்சாரம் இல்லாத, மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து ஊதி நூர்த்ததும், அந்த இருட்டும் எனக்கு நன்றாக நினைவு. அதை வைத்து ஒரு கதையும் எழுதி வைத்திருந்தேன். அதில் அப்பா இரக்கமில்லாதவர். கொப்பியைப் பார்த்த அன்று அந்தக் கதையைக் கிழித்தேன். திரும்ப எழுத ஐந்து சனிக்கிழமை பிடித்தது. நான் எழுதியதில் உருப்படியானது அதுதான்.

இப்போது கைப்பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வரி, காதில் விழுந்தது அல்லது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் முருங்கைக்காய் விற்கும் அம்மா சொன்னது போன மாதம் எழுதியது: "மோன் கனடாவிலை, உனக்கென்னத்துக்குச் சந்தை எண்டு கேக்கினம். வீட்டிலை இருந்தா ஆரோடை கதைக்கிறது?" சனிக்கிழமை தலை முழுகிவிட்டு ஏழு நாள் வரிகளையும் வாய்விட்டு வாசிப்பேன். எந்த வரியில் குரல் தடக்குகிறதோ அதை எடுத்து, அங்கே நின்ற இன்னொருவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்து ஒரு பக்கம் எழுதுவேன். மற்ற ஆறையும் வெட்டிவிடுவேன். வெட்டுவது முக்கியம். வெட்டாமல் சேர்த்து வைத்த காலத்தில் எதைத் தொடுவதென்றே தெரியவில்லை.

கிழமைக்கு ஒருநாள் எழுதுவது பொழுதுபோக்கு, இலக்கியம் ஆகாது என்று சொல்ல ஆட்கள் வருவார்கள். தினமும் எழுதுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது சரிவருகிறது. ஆனால் பிழைப்போடு எழுதுவது குறைவான எழுத்து என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொல்லாதீர்கள். சலூன் நடத்திக்கொண்டே 1966 இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கி, அதைத் தானே கையில் கொண்டு திரிந்து விற்ற டொமினிக் ஜீவாவின் ஊர் இது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. இங்கே புத்தக வெளியீடு என்றால் வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை என்று மூன்று மணி நேரம் போகும். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று காசு வைத்த என்வலப்போடு வரிசையில் நிற்போம். என் தோழி ஒருத்தியின் வெளியீட்டில் பேசிய ஒருவர் கதைகளை வாசிக்காமலே வந்து பேசினார். ஒரு பாத்திரத்தின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை. அவள் அதன்பிறகு எழுதவே இல்லை. ஒன்பது வருட உழைப்பு அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். சனிதான் என்றில்லை, வெள்ளி விளக்கு வைத்த பிறகும் இருக்கலாம், ஞாயிறு ரியூசனுக்குப் பிள்ளையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரமும் நல்ல நேரம். நாளையும் இடத்தையும் மாற்றாதீர்கள். எழுத வராத கிழமையில் வரிகளை வாசித்துவிட்டுக் கொப்பியை மூடுங்கள். ஆனால் வாசிக்காமல் மட்டும் விடாதீர்கள்.