பறவை இதழ் நடத்தும் பெண்ணுக்கு 3 லட்சத்தில் கோர்ஸ் எதற்கு?

ஈரோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு, இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொண்டு பறவைகளுக்கென்றே தமிழில் ஓர் இணைய இதழ் நடத்துகிறாள். மாதம் தவறாமல் வருகிறது, ஆனால் படிப்பவர்கள் முந்நூறு பேரைத் தாண்டவில்லை. பெங்களூரில் இருக்கும் தாய்மாமா, "டிகிரி முடிந்ததும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் டிப்ளமோவில் சேர்த்துவிடு, வேலையும் கிடைக்கும், இதழும் வளரும்" என்று ஒரு தனியார் நிறுவனத்தைக் கைகாட்டிவிட்டார். கட்டணம் 3 லட்சம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார் அம்மா.

கல்லூரிக்கும் போய்க்கொண்டு மாதாமாதம் இதழும் கொண்டுவருகிற பெண்ணைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம் அம்மா. நான் சொல்லும் ஆறுதல் அவ்வளவுதான். நகையை அடகு வைக்காதீர்கள்.

அந்த டிப்ளமோவில் சொல்லித்தருவதில் பெரும்பகுதி அடுத்தவர் பணத்தில் விளம்பரம் போடும் வித்தை. பெரிய கம்பெனிக்கு அது தேவைதான், மாதம் ஐந்நூறு ரூபாய்கூட செலவழிக்க முடியாத இதழுக்கு அதை வைத்து என்ன செய்வது? அடிப்படைகளைக் கற்க வேண்டுமானால் கூகுள் ஸ்கில்ஷாப்பும் ஹப்ஸ்பாட் அகாடமியும் இலவசமாகவே சொல்லித்தருகின்றன, சான்றிதழும் தருகின்றன. அண்ணனிடம் தயங்காமல் சொல்லுங்கள்: கடன் கட்டப்போவது அவரில்லை.

ரீல்ஸ் போடு, காசு கட்டிப் பதிவைப் பூஸ்ட் பண்ணு என்று இன்னும் பத்துப் பேர் சொல்வார்கள். அதற்குள் நான் போகவில்லை. யாரும் கண்டுகொள்ளாத ஒரு வழி இருக்கிறது, வாசகரின் மின்னஞ்சலுக்கே நேராகப் போகும் மடல். கேட்கப் பழசாகத் தெரியும். ஆனால் 2020 ஜூனில் டிக்டாக் தடையானபோது லட்சக்கணக்கில் பின்தொடர்பவர்களை வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். மின்னஞ்சல் பட்டியல் அப்படிப் போகாது. எந்தச் சேவையிலிருந்தும் அதை இறக்கி இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லலாம்.

உங்கள் பெண் இதைப் படித்தால் நல்லது, இனி அவளுக்குத்தான் எழுதுகிறேன். சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேருக்கு மேல் அனுப்ப முடியாது, அதனால் சப்ஸ்டாக் மாதிரி மின்னஞ்சல் மடல் அனுப்பித் தரும் ஒரு சேவைக்குப் போய்விடு. இலவச மடலுக்கு அங்கே காசு கிடையாது, சந்தா வசூலித்தால் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். கட்டுரையை முழுதாக மடலில் ஒட்டாதே. ஒரு மடல் 102 கேபி (கிலோபைட்) அளவைத் தாண்டினால் ஜிமெயில் அடியில் வெட்டிவிடும், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் பிடிப்பதால் ஆங்கிலக்காரர்களுக்கு அவ்வளவாக வராத இந்தத் தொல்லை நமக்குச் சீக்கிரமே வந்துவிடும். முதல் இரண்டு பத்தி, ஒரு படம், மீதிக்கு இணைப்பு போதும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை ரொம்ப நம்பாதே, 2021இல் ஆப்பிள் தன் மெயிலை மாற்றியதிலிருந்து திறக்காத மடலும் திறந்ததாகப் பதிவாகி அந்த எண் ஊதித்தான் தெரிகிறது. எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பார். அப்புறம், கேட்காமல் யாருடைய முகவரியையும் சேர்க்காதே, நாலு பேர் ஸ்பேம் என்று அமுக்கினால் மற்றவர்களுக்கும் மடல் போய்ச் சேராது.

முகவரிகள் எங்கிருந்து கிடைக்கும்? பறவை பார்ப்பவர்கள் கூடும் இடத்திலிருந்து. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது, குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்து ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பட்டியல் ஏற்றுவார்கள். முதல் தடவை கலந்துகொள்ளும் பள்ளி ஆசிரியருக்கு எந்தப் பறவைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதே தெரியாமல் கை நடுங்கும். நீ ஒரு ஏ4 தாள் தயார் செய். குளத்தங்கரையிலும் கொல்லையிலும் வருகிற இருபது பறவைகள் போதும்: மடையான், முக்குளிப்பான், கானாங்கோழி, ஆள்காட்டி, செம்போத்து, கொண்டலாத்தி, பனங்காடை இப்படி. பக்கத்தில் சிறு கோட்டோவியம், எண்ணிக்கை எழுத ஒரு கட்டம், அடியில் இதழின் பெயரும் மடலில் சேர ஒரு க்யூஆர் கட்டமும். கருப்பு வெள்ளையில் செய், ஜெராக்ஸ் எடுத்தாலும் தெளிவாக விழ வேண்டும். மார்கழி தொடக்கத்திலேயே கல்லூரி இயற்கை மன்றங்களுக்கும் தெரிந்த ஆசிரியர்களுக்கும் பிடிஎஃப் அனுப்பிவிடு. பொங்கல் நாளில் ஒரு கட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வெள்ளோடு ஏரிக்குப் போ. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம், உன் வீட்டுப் பக்கம்தான். ஆசிரியர் ஒருவர் ஒரு தாளை வாங்கி வகுப்புக்கே பிரதி எடுத்துக் கொடுப்பார், எந்த விளம்பரமும் அதைச் செய்யாது.

செலவு? டொமைனுக்கு, அதாவது இதழின் இணைய முகவரிக்கு, வருடம் ஆயிரம் ரூபாய் அளவில், ஜெராக்ஸுக்கு சில நூறு. இதழ்களுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என், மத்திய அரசின் டெல்லி நிஸ்பர் அலுவலகத்தில் இலவசமாகவே தருகிறார்கள், விண்ணப்பித்து வாங்கிவிடு, எழுதும் பேராசிரியர்களுக்கு அது இருந்தால் ஒரு திருப்தி. வருடத்துக்கு மூவாயிரத்துக்கு மேல் போனால் நிறுத்து. தோழிகளின் பாக்கெட் மணியும் இதில் இருக்கிறது.

அம்மா, மறுபடி உங்களிடம். கேமரா முன்னால் நிற்கப் பிடிக்காது என்று அவள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காது என்றால் விட்டுவிடுங்கள், "கொஞ்சம் சிரிச்சுப் பேசேன்" என்று பின்னால் நிற்காதீர்கள். எழுதுவதும் பறவை பார்ப்பதும்தான் அவள் மனம் போகும் பக்கம். மேலே படிக்கவைப்பதாக இருந்தால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. அரசுக் கல்லூரிக் கட்டணத்தை அந்த 3 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வனவிலங்கு அமைப்புகளில் களத்தில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் உண்டு, களத்தில் பார்த்ததைத் தமிழில் புரியும்படி எழுதி வாசகரிடம் கொண்டுசேர்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. அவளுடைய பழைய இதழ்களும் வாசகர் பட்டியலும்தான் அங்கே பயோடேட்டா.

அந்த நிறுவனத்தில் முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டியிருந்தால் இந்த வாரமே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றாலும், போட்ட பணம் வீணாகிறதே என்று மீதியைக் கட்டிவிடாதீர்கள்.