மனசுக்குள் பேசினால் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 38. ஊர் தூத்தூர் பக்கம். வீட்டுக்காரர் ஆழ்கடலில் தொழில் செய்கிறவர். போனால் திரும்பி வர முப்பது, நாற்பது நாள் ஆகும். மீன் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் வாயைத் திறக்காமல் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன். "நாலு நாளா போன் இல்லியே, வல்லதும் ஆயிட்டோ, காத்து வேற மாறுதே" என்று ஓடும். உடனே நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை ஜில்லிட்டுவிடும், வயிறு புரட்டும். இ.சி.ஜி. எடுத்தாச்சு, ஒன்றுமில்லை என்றார்கள். அக்கா "ஒண்ணும் நினைக்காதே" என்கிறாள். இது மனநோயா? எப்படி நிறுத்துவது?

பதில்: மனசுக்குள் பேசுவது மனநோய் இல்லை சகோதரி. சின்னப் பிள்ளைகள் விளையாடும்போது தனக்குத்தானே சத்தமாகப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேச்சுதான் வளர வளர சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி விளக்கினார். சத்தம்தான் இல்லை, உடம்பு அதில் கலந்துகொள்கிறது. உள்ளுக்குள் பேசும்போது நாக்குத் தசையில் மிக நுண்ணிய மின் அசைவு இருப்பதை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1930களில் கருவி வைத்தே பதிவு செய்தார். அடுத்த முறை படபடப்பு வரும்போது கவனியுங்கள்: நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பல் கடித்தபடி இருக்கலாம். அதைத் தளர்த்திவிடுங்கள்.

இனி நெஞ்சுக்கு வருவோம். "வல்லதும் ஆயிட்டோ", அதாவது ஏதாவது ஆகிவிட்டதோ, என்பதில் உள்ள அந்த 'ஓ' வெறும் கேள்விதான். ஆனால் உடம்பு அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதில்லை, நடந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. மூளை ஆபத்து என்று சொன்னதும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி சில நொடிகளில் அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் கை ஜில்லிடுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் வயிறு புரட்டுகிறது. நம்ம ஊரில் வெப்ராளம் என்போமே, அது இதுதான். உங்கள் இதயத்தில் கோளாறு இல்லை. ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவதற்கான ஏற்பாடு, நீங்கள் அடுக்களையில் நிற்கும்போது நடக்கிறது.

அட்ரினலின் சில நிமிடங்களில் கழிந்துவிடும். கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் மெதுவாக ஏறி, இருபது முப்பது நிமிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். பயம் ஒரு தடவை வந்து போயிருந்தால் உடம்பு தானே அடங்கிவிடும். நீங்கள் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்குகிறது. கவலையை விடாமல் அசைபோடுவதே உடலை நெருக்கடி நிலையில் பிடித்துவைக்கிறது என்று பிராஸ்கோட், கெரின், தேயர் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை சொல்வதும் இதைத்தான்.

அக்கா பாசத்தில் சொல்கிறார், ஆனால் அந்த யோசனை பலிக்காது. "வெள்ளைக் கரடியை நினைக்காதே" என்று சொல்லப்பட்டவர்களுக்கு அதே கரடி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்ததை டேனியல் வெக்னர் 1987இல் காட்டினார். அதுவும் 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயலைப் பார்த்த ஊரில் ஒரு பெண்ணிடம் காற்றைப் பற்றி நினைக்காதே என்று சொல்வதில் நியாயமே இல்லை. உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. அதனால் பேச்சை நிறுத்தப் பார்க்க வேண்டாம், பேசும் விதத்தை மாற்றுங்கள்.

"எனக்கு என்ன ஆகுமோ" என்பதை விட்டு, உங்கள் பெயரைச் சொல்லி உங்களையே கூப்பிட்டுப் பேசுங்கள். மிச்சிகனில் ஈதன் கிராஸ் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேடைப் பேச்சுக்கு முன் தன் பெயரைச் சொல்லித் தன்னிடம் பேசியவர்கள், 'நான், நான்' என்று பேசியவர்களைவிடக் குறைவாகத் தடுமாறினார்கள். பெயர் கூச்சமாக இருந்தால் அம்மா கூப்பிடுவது மாதிரி "மக்களே" என்று தொடங்கலாம். இது என் யோசனை, ஆய்வில் இல்லை. "மக்களே, நீ இப்போ பயந்துபோய் இருக்கே. போன் வந்து நாலு நாளாச்சு. போன தடவை ஒன்பது நாள் கழிச்சுதான் பேசினாரு. காலையில பார்த்தப்போ புயல் எச்சரிக்கை ஒண்ணும் இல்ல." தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சேர்க்க வேண்டாம், உங்கள் மனசே அதை நம்பாது. எச்சரிக்கை உண்மையில் வந்தால், அப்போது செய்ய வேண்டியது பேச்சல்ல, சங்கத்துக்குப் போன் போடுவது. வானிலைச் செய்தியைக் காலை, மாலை என இரண்டு தடவை பார்த்தால் போதும்.

சாயங்காலம் ஒரு அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்குங்கள். அது படுக்கப் போகும் நேரமாக இருக்கக் கூடாது. இடையில் தோன்றுவதை "நாலரைக்குப் பார்ப்போம்" என்று தள்ளிவையுங்கள். போர்க்கோவெக் குழு 1983இல் சோதித்துப் பார்த்த முறை இது.

உங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லும் வழக்கம் இருந்தால் ஒன்று. 2001இல் இத்தாலியின் பெர்னார்டி குழு, லத்தீனில் ஜெபமாலை சொல்பவர்களின் மூச்சை அளந்தது. மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்குத் தானாகவே இறங்கியது, இதய ஒழுங்கும் மேம்பட்டது. ஒருவர் "அருள் நிறைந்த மரியே" பாதியைச் சொல்ல, மற்றவர்கள் மீதியைச் சொல்வதில் ஒரு முறை நிதானமாக மூச்சு விட இடம் கிடைக்கிறது. அவசரமாக ஒப்பிக்காமல், ஒரு பாதிக்கு ஒரு மூச்சு என்று சொல்லுங்கள். அக்காவையும் கூட உட்கார வையுங்கள்.

தைராய்டு, ரத்த சோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், அவையும் படபடப்பு தரும். கடுங்காப்பியைக் குறையுங்கள். மார்பு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. உள்ளே கேட்பது உங்கள் குரலாக இல்லாமல் வெளியிலிருந்து வேறு யாரோ பேசுவதாகக் கேட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டாலும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.