டிவைஸ் ட்ரீயில் சென்சார் ட்ரிகரை இணைப்பது எப்படி?

சென்சார் துடிப்பு கொடுத்ததும் ஏடிசி (அனலாக் சமிக்ஞையை எண்ணாக்கும் சிப்) அளவெடுக்க வேண்டும், லினக்ஸ் டிவைஸ் ட்ரீயில் (போர்டின் வன்பொருளை கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) இதை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். சென்சாரின் டேட்டா-ரெடி பின் (புதிய அளவு தயார் என்று சொல்லும் பின்) சிபியூவுக்கு வந்தால், சென்சார் நோடில் (டிவைஸ் ட்ரீயில் அதற்கான பகுதி) 'இன்டரப்ட்ஸ்' பண்பு போதும். டிரைவர் அதை ஐஐஓ (சென்சார், ஏடிசி போன்றவற்றுக்கான லினக்ஸ் கர்னல் பகுதி) ட்ரிகராகப் பதிவு செய்யும். ஏடிசி எந்த ட்ரிகரைக் கேட்க வேண்டும் என்பதை அப்புறம் சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்), ஏடிசியின் 'கரன்ட்_ட்ரிகர்' கோப்பில் எழுதலாம். தயவுசெய்து இதை டிவைஸ் ட்ரீயில் திணிக்காதீர்கள். அது வன்பொருளை விவரிக்கும் இடம், நம் விருப்பத்தை எழுதும் இடமல்ல.

கம்பி சிப்பிலிருந்து சிப்புக்கே நேராகப் போனால்தான் கதை வேறு. துடிப்பு தரும் நோடில் '#ட்ரிகர்-சோர்ஸ்-செல்ஸ்', பெறும் நோடில் அதைச் சுட்டும் 'ட்ரிகர்-சோர்சஸ்' வேண்டும். பிடபிள்யூஎம் (சீரான துடிப்பு தரும் வன்பொருள்) துடிப்பால் எஸ்பிஐ ஆஃப்லோடை (சிபியூ தலையிடாமல் வன்பொருளே நடத்தும் எஸ்பிஐ தரவுப் பரிமாற்றம்) தூண்டுவது இப்படித்தான். ஆனால் பெறும் டிரைவர் அந்தப் பண்பைப் படிக்காவிட்டால் எழுதியும் பயனில்லை. பைண்டிங் கோப்பை (ஒரு நோடில் எந்தப் பண்புகள் எழுதலாம் என்று சொல்லும் ஆவணம்) முன்பே பார்த்துவிடுங்கள்.