டீச்சர் பதில்கள்: வீட்டுப்பாடத்தை யார் செய்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுப்பாடம்தான். புது நோட்டு வாசனை போனதும் புலம்பல் ஆரம்பித்துவிடும், வருசா வருசம் பார்த்ததுதான். முப்பது வருசத்துக்கு மேல் சாக்பீஸ் தூளைத் தின்றவள் என்ற உரிமையில் ஐந்து பேருக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு, தனியார் பள்ளி. வெள்ளிக்கிழமை தோறும் அடுத்த வாரம் என்ன பாடம் என்று ஒரு தாள் கொடுத்து விடுகிறார்கள். அதற்குக் கீழே வீட்டுப்பாடம். தமிழ் இரண்டு பக்கம், இங்கிலீஷ் இரண்டு பக்கம், கணக்கு ஒரு பக்கம். நான் பீடி சுற்றுகிறேன், எட்டாவது வரைதான் படிப்பு, இங்கிலீஷ் வராது. ராத்திரி சுளகை ஓரமாக வைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்தால் இரண்டு பேரும் அழுது முடிக்கப் பத்து மணி ஆகிறது. டியூசனுக்கு அனுப்பவா? (ஒரு வாசகி, முக்கூடல்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஏழு வயசுப் பிள்ளைக்கு டியூசன் என்றால் பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்றுதான் முதலில் கேட்கணும். தொடக்கப் பள்ளியில் வருசத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்கணும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நாளுக்கு நாலு மணி நேரம் ஆச்சு. அதில் முடியாததையா நீங்கள் பீடி சுற்றிக் களைத்த கையோடு முடிக்கப் போகிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதமே சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த பள்ளிப்பைக் கொள்கையும் அதையேதான் சொல்கிறது, மூன்று முதல் ஐந்து வரைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாதாம். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. இதையெல்லாம் சொல்லிப் பள்ளிக்கூட வாசலில் சண்டைக்கு நில்லுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, நாளைக்கும் அந்தப் பிள்ளை அங்கேதான் போகணும். ஆனால் நீங்கள் கேட்கப் போவது சலுகை இல்லை என்பது தெரிந்து போங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அவள் தானாக எவ்வளவு எழுதுகிறாளோ அதோடு நோட்டை மூடிவிட்டு, கீழே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: "அவளாகச் செய்தது இவ்வளவு, மீதி அவளுக்குத் தெரியவில்லை." இது டீச்சருக்குப் பெரிய உதவி. நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். என் வகுப்பில் ஒரு பையன், வீட்டு நோட்டு முத்து முத்தாக இருக்கும், ஒரு தப்பு கிடையாது. சரி, இவனுக்கு வந்துவிட்டது என்று நான் பாட்டுக்கு அடுத்த பாடம், அதற்கடுத்த பாடம் என்று போய்விட்டேன். ஒரு நாள் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், ஓர் எழுத்து வரவில்லை. அத்தனையும் அவன் அத்தை கையெழுத்து! அந்த ஒரு வருசம் அவனுக்கு வீணாகப் போனதில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த வாரத் தாள் மட்டும் நல்ல காரியம், தூரப் போடாதீர்கள். 'இன்னைக்கு என்ன படிச்சே?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'ஒண்ணும் இல்லை' என்றுதான் சொல்லும். தாளில் பறவைகள் என்று போட்டிருந்தால், 'எந்தப் பறவை நீந்தும்னு டீச்சர் சொன்னாங்க?' என்று கேட்டுப் பாருங்கள், வாய் ஓயாது. கணக்குக்கு வேறெங்கும் போக வேண்டாம், நீங்கள் 25 பீடி ஒரு கட்டாகத்தானே கட்டுகிறீர்கள்? புளியங்கொட்டையை 25, 25 ஆகக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். நாலு கூட்டம் சேர்ந்தால் நூறு, ஆயிரத்துக்கு எத்தனை என்று அவளே கண்டுபிடிக்கட்டும். பீடியையே எண்ணச் சொல்லாதீர்கள், அந்தத் தூள் பக்கமே பிள்ளை வர வேண்டாம். இங்கிலீஷா, அவள் படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், அர்த்தம் சொல்லத் தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. மறுநாள் அந்தப் புள்ளிகளைப் பார்த்து டீச்சர் சொல்லிக் கொடுக்கட்டும்.

கேள்வி: மகன் நாலாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை ஆனால் சொல்வதை எழுதுதல். பத்துக்கு மூன்று, நாலு. தப்பான ஒவ்வொரு சொல்லையும் இருபது முறை எழுதச் சொல்கிறார்கள். எழுதி எழுதிக் கை வலிக்கிறதே தவிர அடுத்த வாரமும் அதே தப்பு. (ஒரு தந்தை, பாளையங்கோட்டை)

பதில்: அண்ணாச்சி, தெரியாததை இருபது முறை எழுதினால் தெரியாமலே இருபது முறை எழுதலாம், அவ்வளவுதான். என்ன தப்பு என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் காதில் கேட்கிறபடிதான் எழுதும், நாம்தான் 'வாளப்பளம்' என்கிறோம். அவன் வாளை என்று எழுதினால் அது மீன், பழம் இல்லை. அதைச் சொல்லிச் சிரித்தால் மறக்கவே மாட்டான். தலை, தளை, தழை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சொல்லி எழுதச் சொல்லுங்கள், தனிச் சொல்லாகச் சொல்லாதீர்கள்.

ண, ந, ன குழப்பத்துக்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஒரே சொல்லுக்குள் ட-வுக்கு முன்னால் வந்தால் ண் (வண்டி, நண்டு), த-வுக்கு முன்னால் ந் (பந்து, சந்தை), ற-வுக்கு முன்னால் ன் (கன்று, மன்றம்). எழுத்துகளின் பெயரிலேயே இது இருக்கிறது: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். மூணு சுழி, ரெண்டு சுழி என்று சொல்லிப் பழகி நாம்தான் அந்தப் பெயர்களைத் தொலைத்துவிட்டோம். தமிழ்ச் சொல் எதுவும் ண-விலோ ன-விலோ தொடங்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வாரம் ண்ட மட்டும், செய்தித்தாளில் பத்துச் சொல் தேடி வட்டம் போடட்டும். அடுத்த வாரம் ந்த. இருபது முறை எழுதுவதை விட்டுவிடலாமா என்று டீச்சரிடம் தன்மையாகக் கேளுங்கள், நானும் என் முதல் பத்து வருசம் அதைத்தான் செய்தேன், கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

கேள்வி: நாங்கள் பதினாறாம் வாய்ப்பாடு வரை ராகம் போட்டுச் சொன்னோம். பேரன் அஞ்சாம் வகுப்பில் விரல் விட்டு எண்ணுகிறான். மனப்பாடம் தப்பு என்கிறாள் மருமகள். (ஒரு தாத்தா, அம்பாசமுத்திரம்)

பதில்: தப்பே இல்லை, மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் ராகத்தை நம்பி, பத்தாம் வாய்ப்பாடு வரை உள்ள நூறு பெருக்கலையும் உருப்போட வேண்டியதில்லை. ஒன்று, பத்து தானாக வரும். இரண்டும் ஐந்தும் சுலபம். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான். இதையெல்லாம் கழித்தால் உண்மையில் கஷ்டமானவை 21 பெருக்கல்தான் மிஞ்சும், எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று என்றால் ஏழு வாரம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அவன் சொன்னதும், 56 முறுக்கை ஏழு பேருக்குப் பங்கு போடச் சொல்லுங்கள். அங்கே திணறினால் ராகம் மட்டும்தான் ஏறியிருக்கிறது.

கேள்வி: ராதாபுரம் பக்கம் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பையும் நாங்கள் இரண்டு பேர்தான் பார்க்கிறோம். வாரா வாரம் எப்படி வீட்டுப்பாடம் கொடுப்பது, எப்படித் திருத்துவது? (ஓர் ஆசிரியை)

பதில்: டீச்சர், வகுப்பு வாரியாகக் கொடுக்காதீர்கள். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்துத்தானே வைத்திருக்கிறீர்கள், வீட்டு வேலையும் அந்த மூன்றுக்கு மூன்று விதமாகப் போதும். எழுத்து வேலை வாரத்துக்கு ஒரு பக்கம், அதையும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தித் திருத்துங்கள். பார்க்க முடியாத வீட்டுப்பாடத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், இரண்டாம் வாரமே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும். மீதி எல்லாம் வாய் வேலை: வீட்டில் ஆச்சியிடம் ஒரு விடுகதை கேட்டு வருவது, வரும் வழியில் பார்த்த பெயர்ப் பலகை ஒன்றைப் படித்து வருவது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் நான் ஒரே கேள்விதான் கேட்பேன், ஐந்து தேரில் எதைக் கடைசியாகப் பார்த்தாய், அங்கே என்ன வாங்கித் தின்றாய் என்று. எழுதத் தெரியாததுகூட ஒரு வரி எழுதிவிடும்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை ஏதோ சமாளிப்பு என்று கூச்சப்படாதீர்கள். சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தென்னாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் பழக்கினார், பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-ல் அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வாங்கியது அது.

கேள்வி: மூன்றாம் வகுப்பு மகளுக்குத் தெர்மாகோலில் வீடு செய்து வரச் சொன்னார்கள். ஞாயிறு ராத்திரிதான் சொன்னாள். நானே விடிய விடியச் செய்து அனுப்பினேன், முதல் பரிசு! ஆனாலும் மனசு உறுத்துகிறது. (ஒரு தந்தை, சேரன்மகாதேவி)

பதில்: பரிசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உழைத்தது நீங்கள்தானே. அடுத்த தடவை ஞாயிறு ராத்திரி சொன்னால் வீட்டில் இருக்கிற தீப்பெட்டியையும் அட்டையையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். சனிக்கிழமையே சொன்னால் தாமிரபரணிக் கரைக்குக் கூட்டிப்போய் அரை வாளி வண்டல் அள்ளி வாருங்கள், குழைத்துக் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. சுவர் கோணலாக வந்தால் கோணலாகவே அனுப்புங்கள்.