பையன் எழுதினானா, அப்பா எழுதினாரா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஏழாம் வகுப்பு படிக்கிறான். கோடை விடுமுறையில், கட்டங்களை இழுத்து ஒட்டிக் கைப்பேசிச் செயலி செய்யும் 'ஆப் இன்வென்ட்டர்' என்ற கருவியில் தன் தாத்தாவின் மளிகைக் கடைக்கு ஒரு செயலி செய்தான். யார் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள், எப்போது எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் பார்க்கலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் 'எந்த வீடு?' என்று கேட்கும். என் கணவர் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார். இரண்டு இடங்களில் மட்டும் உதவி செய்தார். உள்ளூர் யூடியூப் சேனல்காரர் ஒருவர் வந்து படம்பிடித்து, 'இந்தியாவின் இளம் மென்பொருள் விஞ்ஞானி' என்று தலைப்புப் போட்டு வெளியிட்டுவிட்டார். அதற்குக் கீழே வந்த பேச்சைப் படிக்க முடியவில்லை. 'அப்பன் செஞ்சது, பையன் பேரு', 'கட்டத்தை இழுத்து ஒட்டுறதெல்லாம் கோடிங்கா?' என்கிறார்கள். சொந்தக்காரர்களே சிரிக்கிறார்கள். பையன் பத்து நாளாக லேப்டாப்பைத் தொடவில்லை. எல்லோர் முன்னாலும் நேரலையில் செய்து காட்டச் சொல்லலாம் என்கிறார் கணவர். சாதனைப் புத்தகம் ஒன்றிலிருந்தும் பேசினார்கள். 8,000 ரூபாய் கட்டினால் சான்றிதழும் பதக்கமும் உண்டாம். சந்தேகப்படுகிறவர்கள் வாயை அடைக்க என்ன வழி?
— பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: அம்மா, முதலில் அந்த 8,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி வாங்கும் பதக்கத்தைப் பார்த்ததும், இப்போது சிரிக்காதவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். நேரலையும் வேண்டாம். விடுமுறையில் தனியாக உட்கார்ந்து யோசித்துச் செய்ததை, நூறு பேர் பார்க்கப் பதினைந்து நிமிடத்தில் செய்து காட்டு என்றால் இருபது வருட அனுபவம் உள்ளவருக்கே கை நடுங்கும். அதில் பையன் ஒரு இடத்தில் திணறினால் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றில் விடுவார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். செயலியை உங்கள் மகன்தான் செய்தான் என்று நம்புகிறேன். காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. ஒரே பெயரில் இருவர் இருந்தால் 'எந்த வீடு?' என்று கேட்கும் என்றீர்களே, அதுதான். உங்கள் கணவர் செய்திருந்தால் வாடிக்கையாளருக்கு ஓர் எண் கொடுத்திருப்பார், இல்லையென்றால் கைப்பேசி எண்ணைக் கேட்டிருப்பார். மென்பொருள் எழுதுகிற எங்களுக்கெல்லாம் அப்படித்தான் பழக்கம். 'பம்ப்செட் வீட்டு முருகேசன்', 'டீச்சர் வீட்டு செல்வி' என்று தாத்தா நோட்டில் எழுதுவதைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்குத்தான் வீட்டைக் கேட்கத் தோன்றும். வீடியோ எடுத்தவர் இதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். வயதைக் கேட்டிருப்பார், 'பெரிய ஆளானதும் என்ன ஆகப்போறே?' என்று கேட்டிருப்பார்.

இப்போது சந்தேகப்படுகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் எல்லோரும் வயிற்றெரிச்சல்காரர்கள் இல்லை. சூடுபட்டவர்களும் இருக்கிறார்கள். 2020-ல், பிள்ளைகளுக்கு இணையத்தில் கோடிங் வகுப்பு நடத்திய ஒயிட்ஹேட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்களில் வுல்ஃப் குப்தா என்றொரு பையன் வந்தான், நினைவிருக்கிறதா? கோடிங் கற்றானாம், கூகுள் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுத்து வேலைக்கு எடுத்ததாம். விளம்பரத்துக்கு விளம்பரம் அவன் வயதும் மாறியது, சம்பளமும் மாறியது. கடைசியில் பார்த்தால் அப்படி ஒரு பையனே கிடையாது. ஊரடங்குக் காலத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டிய பெற்றோர் எத்தனையோ பேர். அந்த ஏமாற்றத்தோடு இருக்கிறவர் முன்னால் 'இந்தியாவின் இளம் விஞ்ஞானி' என்று இன்னொரு பையன் வந்து நின்றால் அவர் என்ன சொல்வார்?

ஆக, அவர்கள் கேலி செய்தது முக்கால்வாசி அந்தத் தலைப்பை. அடி விழுந்தது உங்கள் பையன் முதுகில்.

இந்தப் பட்டப்பெயர் விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உங்கள் பக்கத்துக் கதை ஒன்று உண்டு. ராஜபாளையம் வட்டாரத்தில் பூர்வீகம் கொண்ட சிவா அய்யாதுரை, ஏழு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போனவர். 1978-ல், 14 வயதில், நியூ ஜெர்சி மாநிலம் நூவர்க்கில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரிக்காகக் கணினி நிரல் எழுத உட்கார்ந்தார். அந்தக் காலத்து அலுவலகங்களில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குக் காகிதத்தில் குறிப்பு போகும், கார்பன் நகல் போகும், மேசைமேல் வந்தது போனது என்று தட்டுகள் இருக்கும். அது அத்தனையையும் ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழியில் கணினிக்குள் கொண்டுவருவது வேலை. செய்து முடித்தார். அதற்கு 'ஈமெயில்' என்று பெயர் வைத்தார். 1982-ல் அந்த நிரலுக்கு அமெரிக்க அரசிடம் பதிப்புரிமையும் பதிந்துகொண்டார். இதுவரை சொன்னதில் பெரிய சண்டை எதுவும் இல்லை.

சண்டை வந்தது பல வருடம் கழித்து. 2012-ல் அவருடைய பழைய ஆவணங்களை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பெற்றுக்கொண்டபோது, 'மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர்' என்று செய்தி ஓடியது. வரலாறு தெரிந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971-லேயே, இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். முகவரியில் இன்று நாம் போடும் @ குறியும் அவர் தேர்ந்தெடுத்ததுதான். பெறுநர், நகல் பெறுநர், பொருள் என்று கடிதத்தின் தலைப்பகுதியில் வர வேண்டியவை 1977-க்குள் எழுத்தில் வந்தாயிற்று. வாஷிங்டன் போஸ்ட் தன் செய்தியைத் திருத்தியது, அருங்காட்சியகமும் விளக்கம் வெளியிட்டது. அலுவலக அஞ்சல் முறையை முழுசாகக் கணினிக்குக் கொண்டுவந்தது தான்தான், அதுதான் ஈமெயில் என்று அய்யாதுரை இன்றும் உறுதியாக நிற்கிறார். நீதிமன்றம் வரை போனார். நம் ஊர் வாட்ஸ்அப்பில் 'மின்னஞ்சலைக் கண்டுபிடித்த தமிழன்' இன்னும் வாரம் ஒரு முறை வலம்வருகிறார்.

இதில் எனக்கு வருத்தம் அந்த 14 வயதுப் பையனை நினைத்துத்தான். ஒரு பெரிய நிறுவனத்தின் ஆட்கள் தினமும் பயன்படுத்தும்படி அந்த வயதில் ஒரு நிரல் எழுதுவது சின்ன விஷயமா? 'முதன்முதலில்' என்ற ஒரு சொல் வந்து உட்கார்ந்ததும், அவர் எழுதிய நிரலைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போய்விட்டது. அந்தச் சொல் சரியா தப்பா என்று மட்டும்தான் பேசுகிறார்கள்.

நடுவில் ஒன்று. நம் பத்திரிகைகளில் பதிப்புரிமையையும் காப்புரிமையையும் மாற்றி மாற்றி எழுதிவிடுகிறார்கள். பதிப்புரிமை என்பது 'இந்த வரிகளை எழுதியது நான்' என்பதற்கு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்பதற்கு அது சாட்சி ஆகாது, அதற்குத்தான் காப்புரிமை. நாளைக்கு யாராவது வந்து, 'தம்பி செயலிக்குக் காப்புரிமை வாங்கித் தருகிறோம்' என்று கட்டணம் கேட்டால் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

சந்தேகத்துக்கே இடமில்லாத சிறுவர்களும் உண்டு. பெலாரஸ் நாட்டில் கோமெல் நகரத்துப் பையன் கென்னடி கோரோட்கேவிச். 2006-ல், 11 வயதில், பள்ளி மாணவர்களுக்கான உலக நிரலாக்கப் போட்டியான சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில் வெள்ளிப் பதக்கம் வாங்கினான். 2007-லிருந்து 2012 வரை ஆறு வருடம் வரிசையாகத் தங்கம். அப்பா, அம்மா இருவருக்கும் நிரலாக்கம்தான் தொழில். ஆனாலும் 'அப்பா எழுதிக் கொடுத்தார்' என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. போட்டி இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஐந்து மணி நேரம். அதுவரை யாரும் பார்க்காத கணக்குகள். விடையைத் திருத்துவது இயந்திரம். அதற்கு வயதும் தெரியாது, அப்பாவையும் தெரியாது.

அமெரிக்கப் பையன் ஏரன் ஸ்வார்ட்ஸ் கதை வேறு மாதிரி, அதில் போட்டியே இல்லை. 2000-ல், இணையதளங்களில் புதிதாக வருவதைத் திரட்டிப் படிக்க உதவும் ஆர்எஸ்எஸ் 1.0 என்ற இணையத் தர வரையறையை உருவாக்கிய குழுவில் இருந்தவர். எல்லாம் மின்னஞ்சல் வழியே நடந்தது. நேரில் ஒருநாள் சந்திப்போம் என்று மற்றவர்கள் கூப்பிட்டபோதுதான், அம்மா விடமாட்டார் என்றாராம். அவருக்கு அப்போது 14 வயது. அதுவரை கூட வேலை பார்த்தவர்கள் அவருடைய யோசனைகளை ஏற்றுக்கொண்டும் மறுத்தும் வந்தார்கள், வயது என்ன என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

உங்கள் பையனுக்கு அப்படி ஓர் இடம் வேண்டும். வயதை முதலில் சொல்லாத இடம். ஆப் இன்வென்ட்டரிலேயே செய்ததை மற்றவர்கள் திறந்து பார்க்கும்படி பகிரும் வசதி இருக்கிறது. புனைபெயரில் போடச் சொல்லுங்கள். யாராவது திறந்து பார்த்து, 'இந்த இடத்தில் தப்பு' என்று சொல்வார்கள். அந்த ஒரு வரி, ஆயிரம் லைக்கைவிட அவனுக்கு உபயோகம். போட்டியில் ஆசை இருந்தால் நம் நாட்டிலும் தகவலியல் ஒலிம்பியாடுக்கான தேர்வு வருடாவருடம் நடக்கிறது. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதக் கழகத்தின் பேராசிரியர்கள் அதில் நீண்ட காலமாக உழைத்துவருகிறார்கள். முதல் கட்டத்தில் காகிதமும் பேனாவும் மட்டும் போதும் என்கிற தேர்வும் நடந்துவந்திருக்கிறது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பிடித்தால் தொடரட்டும், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். செயலி செய்வதும் அந்தக் கணக்குகளைப் போடுவதும் வேறு வேறு திறமை.

'கட்டத்தை இழுத்து ஒட்டுவதெல்லாம் கோடிங்கா' என்றவருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பையனுக்குச் சொல்லுங்கள்: ஆமாம், கோடிங்தான். 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று யோசித்தது அவன். அதைக் கட்டமாக வைத்தால் என்ன, எழுத்தாக அடித்தால் என்ன? கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: அவன் வயதில் இதைச் செய்கிற பிள்ளைகள் உலகம் முழுக்க நிறைய இருக்கிறார்கள். இதைக் கேட்டால் முகம் சுருங்கும் என்று பயப்படாதீர்கள். எனக்குத் தெரிந்து பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. விஞ்ஞானியாக நடிக்க வேண்டாம், பாருங்கள்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் இருக்கும். ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அடுத்த பேருந்துக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொல்லும் நிரல் எழுதி வைத்திருந்தாள். நன்றாக இருந்தது. நான் குனிந்து, "யாரும்மா எழுதிக் குடுத்தா?" என்றேன். அவள் பேசவே இல்லை. அதை நான் 'மாட்டிக்கொண்டாள்' என்று எடுத்துக்கொண்டேன். என்னோடு வந்த இன்னொரு நடுவர், வயதில் இளையவர், "இதுல எங்கம்மா ரொம்ப நேரம் மாட்டிக்கிட்ட?" என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ராத்திரி 11.50-க்கு நிலையத்தில் நின்று 12.10 பேருந்தைக் கேட்டால் விடை மைனஸில் வந்ததாம். இரண்டு நாள் தூங்கவில்லையாம். பத்து நிமிடம் பேசினாள். எழுதிக் கொடுத்ததை வாங்கி வந்து வைத்தவளுக்கு அந்த நள்ளிரவுப் பேருந்து தெரிந்திருக்காது.

அதனால் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வருகிறவர் யாராக இருந்தாலும், சித்தப்பாவோ பள்ளி ஆசிரியரோ, 'எங்கே ரொம்ப நேரம் மாட்டிக்கிட்ட?' என்ற அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு உங்கள் பையன் கடன்பட்டிருக்கவில்லை. அந்தச் சேனல்காரரிடம் பேசித் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள்: 'தாத்தா கடைக்குக் கடன் கணக்குச் செயலி செய்த ஏழாம் வகுப்பு மாணவன்'. உங்கள் கணவர் உதவிய அந்த இரண்டு இடத்தையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் அது குற்றம்போலத் தெரியும். சொல்லிவிட்டால் அப்பா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவுதான். மாற்ற மாட்டேன் என்றால் வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள்.

கணவரிடமும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை ஊருக்கு வந்ததும் செயலியைத் திறந்து 'இதை இப்படி மாற்றலாமே' என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒரு மாதம் வாடிக்கையாளர் மாதிரி மட்டும் இருக்கட்டும்.

கடைசியாக, இதைப் பையனிடம் படித்துக் காட்டுங்கள்:

தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். ஒருவர் கடனை முழுசாகக் கட்டிவிட்டால் தாத்தா நோட்டில் என்ன செய்வார்? குறுக்கே ஒரு கோடு போடுவார். ஆனால் கோட்டுக்குக் கீழே பழைய கணக்கு தெரியும். உன் செயலியில் கடன் தீர்ந்தவர் கணக்கு என்ன ஆகிறது? அழிந்துவிடுகிறதா? அடுத்த மாதம் பம்ப்செட் வீட்டு முருகேசன் வந்து, "போன தடவையே குடுத்துட்டேனே" என்று நின்றால் தாத்தா எதைக் காட்டுவார்? யோசித்து எனக்கு எழுது.