மனநோயும் கிரிமினல் வழக்கும்: கேள்விகளும் ஒரு வக்கீலின் பதில்களும்

(குற்றவியல் சட்டப் பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டங்களின்படி.)

கோவை சுந்தர்: தம்பிக்குப் பல வருஷமா ஸ்கிசோஃப்ரினியா. பக்கத்து வீட்டுக்காரரை வெட்டிட்டான். மனநோயாளின்னா கேஸ் நிக்காதுன்னு ஊர்ல சொல்றாங்க, சரியா சார்?

சரியில்லை. நோயின் பெயரைச் சொன்னதும் எந்த வழக்கும் விழாது. நீதிமன்றம் கேட்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். வெட்டிய அந்த நேரத்தில் தான் செய்வது இன்னது என்றோ, அது தப்பு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா? இது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 22, பழைய ஐ.பி.சி. 84. இன்று கூண்டில் நிற்கும்போது வழக்கைப் புரிந்துகொண்டு வக்கீலிடம் விவரம் சொல்லி எதிர்வழக்காட முடிகிறதா? இது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) பிரிவுகள் 367, 368. முதலாவது நிரூபணமானால் விடுதலை. இரண்டாவதில் விசாரணை தள்ளிப்போகும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கி அன்றைய நிலைக்குச் சாட்சியாகக் காட்டுவதுதான் அடிக்கடி நடக்கிற குளறுபடி.

வாணி, திருச்சி: அப்போ அன்றைய நிலையை எப்படி நிரூபிக்கறது?

நிரூபிக்கும் பொறுப்பு எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தஹ்யாபாய் தக்கர் வழக்கில் (1964) உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அந்த அளவுக்கு நிரூபிக்க முடியாமல் போனாலும், குற்ற எண்ணம் இருந்ததா என்ற சந்தேகத்தை அந்தச் சாட்சியம் கிளப்பினால் பலன் எதிரிக்கே.

சம்பவத்துக்கு முந்தைய, பிந்தைய நாட்களின் காகிதங்கள்தான் கனமானவை: ஓ.பி. சீட்டு, கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25-ன்படி நோயாளி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். மாற்றுத்திறனாளி அட்டை நோய் இருப்பதைக் காட்டும், அன்றைய நிலையைக் காட்டாது.

அடுத்தது நடத்தை. ஓடினாரா, அரிவாளை ஒளித்தாரா, சட்டையைத் துவைத்தாரா என்று அரசு வக்கீல் தோண்டுவார். ஒளித்திருந்தால், தப்பென்று தெரிந்திருக்கிறதே என்பார். ஸ்ரீகாந்த் போஸ்லே வழக்கில் (2002) மனைவியைக் கொன்ற போலீஸ்காரர் ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. முன்னும் பின்னும் சிகிச்சைப் பதிவு இருந்தது, கொலைக்கான காரணமும் மிக அற்பம். உச்ச நீதிமன்றம் விடுவித்தது.

முதல் சாட்சியின் குறுக்கு விசாரணையிலேயே இந்த வாதத்துக்கு அடித்தளம் போட வேண்டும். சிகிச்சை தந்த டாக்டரை எதிரித் தரப்புச் சாட்சியாக அழைக்க வேண்டும். இறுதி வாதத்தில் திடீரென்று எழுப்பினால் யோசித்துச் செய்த கதையாகத்தான் தெரியும்.

சுந்தர்: இப்போ ரிமாண்ட்ல இருக்கான். மாத்திரை கிடைக்குதான்னே தெரியல.

இதுதான் அவசரம். அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்காமல் நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) மனு போடுங்கள்: மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட தேதி, மருந்துச்சீட்டு நகல். சிறைக் கண்காணிப்பாளருக்கு உத்தரவு கேளுங்கள், அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். க்ளோசபைன் என்றால் தனியாகச் சொல்லுங்கள்: 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் ஆரம்பிக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மெல்ல ஏற்ற வேண்டும். லித்தியம் சாப்பிடுபவர் உடம்பில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகும். மாதாந்திர ஊசி என்றால் அடுத்த ஊசியின் தேதியை எழுதுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவி உண்டு என்று சொல்வது போலீஸுக்கும் நடுவருக்கும் சட்டப்படி கடமை (மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 27).

ராஜா: கோர்ட்ல நிக்கிற நிலைமையில இல்லைன்னா?

நடுவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அவர் கருத்தில் திருப்தியில்லாவிட்டால் மருத்துவ வாரியத்துக்கு மேல்முறையீடு உண்டு. தகுதியில்லை என்று முடிவானால், எதிரியை விசாரிக்காமல் வக்கீலைக் கேட்டு, ஆவணங்களைப் பார்த்து, முகாந்திரமே இல்லையென்றால் விடுவிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் சிகிச்சைக்குத் தேவையான காலம்வரை ஒத்திவைப்பு. அதுவரை, உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லாதபோது, சிகிச்சைக்கும் பாதுகாப்புக்கும் உறவினர் பொறுப்பேற்றால் ஜாமீனில் விடலாம். ஜாமீனில் விட முடியாத குற்றமாக இருந்தாலும்கூட (பி.என்.எஸ்.எஸ். 369). பலர் இந்தப் பிரிவைக் கேட்பதே இல்லை.

கேட்காமல் விட்டால் என்னாகும்? அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் 1951-ல் கைதானார். 1967-ல் மருத்துவமனை தகுதியானவர் என்றது. வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கு அனுப்பினார்கள். 2005-ல் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தார். விசாரணையே நடக்கவில்லை.

வாணி: விடுதலையானா நேரா வீட்டுக்கு வந்துடலாமா?

பெரும்பாலும் இல்லை. செயலைச் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பிலேயே எழுத வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 373). செய்தார், ஆனால் மனநிலை காரணமாகக் குற்றமில்லை என்றால் பாதுகாப்பான காவலில் வைக்கலாம், அல்லது விண்ணப்பித்துப் பிணை கொடுக்கும் உறவினரிடம் ஒப்படைக்கலாம் (374). தீர்ப்பு நாளன்றே விண்ணப்பத்துடன் தயாராக இருங்கள். சின்ன வழக்கில் இந்த வாதத்தை எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். ஆறு மாத தண்டனைக்குத் தப்பப் போய் அதைவிட நீண்ட காவலில் மாட்டுவது புத்திசாலித்தனம் அல்ல.

முருகேசன்: குடிபோதையில செஞ்சா?

தானாகக் குடித்த போதை பிரிவு 22-ல் வராது.

செல்வி: தெருவில் சுற்றும் மனநோயாளியை ஸ்டேஷன் லாக்கப்பில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கூடவே கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100: லாக்கப்பும் சிறையும் எந்தச் சூழலிலும் தடை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோக வேண்டும். வீடற்றவர் என்றால் காணாமல் போனவராக எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் இன்ஸ்பெக்டர் வேலை. பிரிவு எண்ணைச் சொல்லியே மனு எழுதுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.