வறண்டு கிடக்கும் பாலாற்றங்கரையில் மனை வாங்கலாமா?

ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாலாற்றை ஒட்டி ஐந்து சென்ட் மனை ஒன்று விலைக்கு வருகிறதாம், ஊருக்குள் விற்பதில் பாதி விலை. தரகர், "இந்த ஆத்துல தண்ணி ஏது சார், பசங்க கிரிக்கெட் ஆடுறாங்க" என்கிறார். 2021இல் வெள்ளம் வந்ததே என்று கேட்டால், "அது நூறு வருஷத்துக்கு ஒருமுறை வர்றது, இனி நம்ம காலத்துல வராது" என்கிறார். வங்கிக் கடன் போட்டு வாங்கலாமா என்பது கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். 2021 நவம்பரில் அந்த மனையில் தண்ணீர் ஏறியிருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக வந்தாலும் சரி. ஏறவில்லை என்றால் சில விஷயங்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

முதலில் அந்த "நூறு வருஷம்" கணக்கு. ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு வருடத்துக்கு விடுமுறை என்று இதற்கு அர்த்தமில்லை. ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, போன வருடம் வந்திருந்தாலும் இந்த வருடமும் அதே ஒரு பங்குதான். முப்பது வருடக் கடன் போட்டால், கடன் முடிவதற்குள் அப்படியொரு வெள்ளத்தைப் பார்க்க ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வாழ்நாள் சேமிப்பைப் போடுகிற இடத்துக்கு அது சின்ன ஆபத்து இல்லை.

அடுத்து, தண்ணீரே இல்லாத ஆற்றில் வெள்ளம் எப்படி ஒரே ராத்திரியில் வருகிறது? பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். மேலே கோலார் பக்கத்திலிருந்து நம் ஊர் வரைக்கும் வழிநெடுக ஏரிகள். சாதாரண மழை வருடத்தில் அந்த ஏரிகளே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், தப்பி வருவதை ஆற்று மணல் குடித்துவிடும், அதனால்தான் ஆறு செத்துப்போனது போலத் தெரிகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று தாழ்வு மண்டலம் வந்து ஏரிகள் எல்லாம் நிரம்பிக் கலங்கல் (உபரி நீர் வழிந்தோடும் இடம்) போக ஆரம்பித்துவிட்டால், அதற்கப்புறம் பெய்கிற மழையில் பிடித்துவைக்க இடமே இல்லை. ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்கு, அதன் உபரி ஓடைக்கு, எல்லாம் சேர்ந்து ஆற்றுக்கு. ஒரு ஏரி உடைந்தால் கேட்கவே வேண்டாம். 1903 நவம்பரில் மேலே கோலார் பக்கத்துப் பேத்தமங்கலம் ஏரி உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியில் சுமார் 200 பேரைக் கொண்டுபோனது, நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

உங்கள் பக்கத்துக்குப் பொன்னையாறும் வந்து சேர்ந்துவிடுகிறது. 2021 நவம்பர் 19 அன்று வாலாஜா அருகே உள்ள பாலாறு அணைக்கட்டைத் தாண்டி நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு நொடியும் அப்படி 230 லாரிக்கு மேல். அந்த அகலத்தைப் பார்த்து "எதுக்கு இவ்ளோ பெரிய ஆறு" என்று கேட்கிறோமே, அந்த ஒரு நாளுக்காக ஆறு தானே வெட்டிக்கொண்ட அகலம் அது. இப்போது அதற்குள் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கிறது, மணல் அள்ளிய இடம் பள்ளமாகவும் மற்ற இடம் மேடாகவும் கிடக்கிறது, இரண்டு பக்கமும் ஆக்கிரமிப்பு. அதே தண்ணீர் இன்னும் உயரமாகவும், எதிர்பாராத பக்கமாகவும் திரும்பும்.

சரி, மனையில் என்ன பார்ப்பது? ஒரு ஆளை வைத்து ஐந்தாறு அடிக்கு ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். நான் எந்த நிலத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். குழியின் சுவரை மண்வெட்டியால் சீவிவிட்டுப் பாருங்கள். விரலிடுக்கில் ஓடுகிற சுத்தமான ஆற்றுமணல் ஒரு சாண், அதற்கு மேல் விரல்கடை உயரத்துக்குக் கறுப்பு வண்டல், திரும்ப மணல், திரும்ப வண்டல் என்று அடுக்கடுக்காக இருந்தால், ஆறு அங்கே பலமுறை வந்து படுத்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். மேலே இரண்டடி செம்மண் கொட்டி மனை போட்டிருந்தாலும் குழி காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு தரகர் இல்லாமல் தனியாகப் போய், மாடு மேய்க்கிறவர்களிடமும் கோயில் பூசாரியிடமும் 2021இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். "வந்துச்சு" என்றால் போதாது, எந்தப் படி, எந்தச் சுவர் என்று கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் புரட்டிப் பாருங்கள். மனை ஆற்று வளைவின் வெளிப்பக்கம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், அரிப்பு அங்கேதான்.

காகிதத்தில் பட்டா மட்டும் போதாது. அ-பதிவேடும் (கிராமத்தின் எந்த நிலம் என்ன வகை என்ற பதிவு) புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்து, பக்கத்துப் புல எண்களில் ஆறு, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு கரையைத் தாண்டாமலேயே வீடு மூழ்கும்: ஆற்றில் தண்ணீர் உயர்ந்து நின்றால் ஓடைத் தண்ணீர் உள்ளே இறங்க முடியாமல் பின்னால் ஏறும். மனைப்பிரிவுக்கு நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்றின் நகலையும் கேளுங்கள். எவ்வளவு உயரம் மண் நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும், அந்த உயரம் மனையில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். போர்வெல் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், தோல் பதனிடும் பகுதி என்பதால் குரோமியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏற்கெனவே கரையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலர் தண்ணீர் ஏறும்போது ஒழுங்காக வெளியேறிவிட்டு, வடிய ஆரம்பித்ததும் சாமான் எடுக்கத் திரும்பி ஓடுகிறார்கள். கரை சரிய வாய்ப்பு அதிகமான நேரம் அதுதான். ஊறிப்போன மண்ணை அதுவரை தாங்கிப் பிடித்திருந்தது எதிரே நின்ற தண்ணீர், அது வேகமாக இறங்கியதும் கரை வீட்டோடு சேர்ந்து உள்ளே விழும். இரண்டு நாள் பொறுங்கள். தரையில், சுவரில் புது விரிசல் ஏதும் கண்டால் உள்ளே காலை வைக்காதீர்கள்.

வாசகருக்கு: அவசரம் என்று தரகர் சொன்னாலும் கார்த்திகை முடியும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் மனைக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.